எதிர் ரயிலில் சித்தி

அவளுக்கு முறைப்படி வைத்த பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அதுதான் இருக்கிறது. ஆனால் குடும்பத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பேசத் தொடங்கிய நாளிலிருந்து ‘ஏன், ஏன்’ என்று கேட்டுப் பெரியவர்களின் உயிரை வாங்கியதற்காகப் பெரியப்பா சூட்டிய பட்டம் அது. திட்டுவதற்காக வைத்த பெயரை அவள் சட்டையில் குத்திய பதக்கம் போல ஏற்றுக்கொண்டாள். மேற்படிப்புக்காகக் கடல் கடந்து வந்த பிறகும் வீட்டிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி, “சந்தேகம், சாப்பிட்டியா?” என்பதுதான்.

கான்கிரீட்டில் விழும் விரிசல்களைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சிமெண்டும் மணலும் ஜல்லியும் தண்ணீரும் கலந்து இரும்பு அச்சில் ஊற்றுவாள். கட்டி இறுகியதும் தொட்டித் தண்ணீரில் ஊறப் போடுவாள். உரிய நாள் வந்ததும் எடுத்துத் துடைத்து, எந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் வைத்து நசுக்குவாள். எந்த மூலை முதலில் விட்டுக்கொடுக்கிறது, ஏன் விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பாள். துணி கிழிவது போலத் தொடங்கி, கோபக்காரன் கதவை அறைந்து சாத்துவது போல முடியும் அந்தச் சத்தம் அவளுக்கு மிகவும் பிடிக்கும்.

“கொத்தனாரு இங்கயே பண்றதை அவ்ளோ தூரம் போய்ப் படிக்கணுமா?” என்று பெரியப்பா கேட்டார்.

“கொத்தனாரு கட்டறாரு பெரியப்பா. நான் உடைக்கிறேன்.”

“அது உனக்குப் படிக்காமலே வருமே!”

அவள் குடியிருந்தது ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில். ஓர் அறை, ஒரு சமையலறை, ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கிற குளியலறை. ஜன்னலுக்குக் கீழே டிராம் வளைந்து திரும்பும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அலமாரித் தட்டுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இந்த இடத்துக்குத்தான் சொந்தக்காரர்களிடையே ‘ஓசி லாட்ஜ்’ என்று பெயர். அத்தை மகளின் தோழி வேலை தேடி வந்தபோது இங்கேதான் தங்கினாள். ஊரில் எதிர்வீட்டுத் தம்பதி ‘சும்மா தலையைக் காட்டிட்டுப் போறோம்’ என்று வந்து, தலையோடு பெட்டிகளையும் காட்டி, டிராம் ஓட்டுநர்களெல்லாம் முகம் தெரிந்து வணக்கம் சொல்கிற அளவுக்குத் தங்கிவிட்டார்கள். யார் வந்தாலும் கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவள் சமையலறைத் தரையில் படுத்துக்கொள்வாள். முணுமுணுப்பாள். ஆனால் அவர்கள் போன பிறகு, காய்ந்த இரண்டு தட்டுகளோடு அறை வெறிச்சென்று கிடக்கும்போது, அடுத்து யாராவது வந்தால் தேவலை என்றிருக்கும்.

போன வருடம் பெரியப்பா வந்தார். இரண்டு கையிலும் கடிகாரம். ஒன்று இந்த ஊர் நேரம், இன்னொன்று நம் ஊர் நேரம். வெளியே கிளம்ப வேண்டுமென்றால் இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்து, நல்ல நேரம் வரட்டும் என்று கட்டிலில் உட்கார்ந்துகொள்வார்.

“பெரியப்பா, கிளம்பின ஊரு நேரம் நல்லதா, வந்து சேந்த ஊரு நேரம் நல்லதா?”

“கிளம்பின ஊரு.”

“அப்ப இங்கயே பொறந்து வளர்ந்தவங்க?”

“அவங்களுக்கு ஒண்ணும் கிடையாது.”

“ஒண்ணும் இல்லாமயேதான் இந்த ரயிலு, பாலம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டியிருக்காங்களா?”

“உன்கிட்ட நான் கேட்டேனா?”

அவருடைய நல்ல நேரம் வந்தபோது அருங்காட்சியகம் மூடும் நேரமும் வந்துவிட்டது. திரும்பிப் போய், அங்கே அருங்காட்சியகம் சுமார்தான் என்று எல்லோரிடமும் சொன்னார்.

இப்படி யார் யாரோ வந்துபோனார்கள். அவள் வரவேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் மட்டும் வரவில்லை. அது சித்தி.

சித்தி, அம்மாவுக்கு இளையவள். பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியை. கல்யாணமான புதிதிலேயே, வேலை விஷயமாக வெளியூர் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய புருஷன் திரும்பவே இல்லை. ஓடிப்போனது அவன். விரல் நீண்டது இவளை நோக்கி. ஓடியவனுக்கு ஒரு பழியும் இல்லை. ஓடாமல் நின்றவளுக்கு ‘ராசி இல்லாதவ’ என்று பட்டம். இந்த நியாயத்தை வகுத்தவர்கள் யார், எந்தச் சபையில் உட்கார்ந்து வகுத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தீர்ப்பு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

சித்தி அக்கா வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். ஒருநாள் சந்தேகத்தின் அப்பா புது வேலை ஒன்றுக்காகக் கிளம்பியபோது, தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்த சித்தி எதிரே வந்துவிட்டாள். அந்த வேலை கிடைக்கவில்லை. திட்டியோ தேற்றியோ அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த தடவை வீட்டில் யாரோ முக்கிய காரியமாகக் கிளம்பியபோது அவளாகவே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ‘எதுக்கு உள்ள போற, வெளிய வா’ என்றும் யாரும் சொல்லவில்லை. முதல் மௌனத்தைக்கூட மன்னிக்கலாம், இந்த இரண்டாவது மௌனத்தை மன்னிக்க முடியாது என்பது சந்தேகத்தின் கட்சி.

சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் அந்தக் கதவைப் போட்டு உலுக்குவாள்.

“சித்தி, வெளிய வா!”

“வயித்து வலிடி, நீ போயிட்டு வா.”

“எனக்குப் பரீட்சைன்னா உனக்கு ஏன் வயித்து வலி வருது?”

உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம்தான் பதிலாக வரும்.

வெளிநாட்டுக்குக் கிளம்பிய நாளிலும் அதேதான். தெருவே வாசலில் நின்றது. கார் நகரும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். குளியலறையின் உயரமான சின்ன ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே இரண்டு விரல்கள் மட்டும் ஆடின. விமானத்தில் அவள் அழுதபோது பக்கத்து இருக்கைக்காரர், ஊரைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து மிட்டாய் கொடுத்தார். துக்கம் இல்லை, ஆத்திரம். சித்தியை இங்கே அழைத்து வந்து, வேண்டியதைப் பார்க்க வைத்தே தீருவது என்று அன்றைக்குத் தீர்மானம் செய்தாள்.

வேண்டியது என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். சித்தி வருடா வருடம் கரும்பலகையில் ஓர் ஆற்றை வரைவாள். மேலே மலை, மலையில் பனியாறு, அதன் வாயிலிருந்து ஓடை, ஓடை ஆறாகி, ஆறு கடலில் சேரும். கடலைப் பார்த்திருக்கிறாள். ஆற்றில் குளித்திருக்கிறாள். மேலே இருக்கும் அந்தப் பனியாற்றை மட்டும் பாடப்புத்தகத்தில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

“உங்க ஊருக்குப் பக்கத்துல இருக்காமே? தொட்டுப் பாக்க விடுவாங்களா?” என்று போனில் ஒருநாள் கேட்டாள். அவள் தனக்காக ஒன்று கேட்டு அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

கடைசியில் அம்மாவும் சித்தியும் வந்து இறங்கினார்கள். பெட்டியில் துணியைவிடப் பொடி டப்பாக்கள் அதிகம். வந்த அன்றே சித்தி ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். டிராம் திரும்பும் போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். அம்மா சமையலறையைப் பிடித்துக்கொண்டாள். மகள் இத்தனை நாள் எப்படி உயிரோடிருந்தாள் என்று ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்து ஆச்சரியப்பட்டாள். சந்தேகம் இருவரையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கட்டியை நசுக்கிக் காட்டினாள். சத்தம் கேட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சித்தி குனிந்து உடைந்த துண்டைக் கையில் எடுத்து, “உள்ள இருக்கற கல்லு உடையலை, கல்லைச் சுத்தி இருக்கறதுதான் விட்டுடுச்சு, இல்ல?” என்றாள்.

“அதைத்தான் சித்தி நான் வருஷக்கணக்கா எழுதிட்டிருக்கேன்!”

“அப்ப என் பேரையும் போடு.”

பனியாற்றுக்குப் போவதில்தான் சிக்கல். ஒவ்வொரு நாளும் மழை. மேகம் மலையை மூடிக்கொண்டு கிடந்தது. அடிவாரத்திலிருந்து மேலே ஏறும் மலை ரயில் அந்த வாரத்தோடு நின்று, குளிர் முடிந்த பிறகுதான் மறுபடி ஓடும். அதற்குள் இவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள். மலை ரயில் ஓடும் கடைசி நாளில்தான் வானம் வெளுக்கும் என்று வானிலைச் செய்தி சொன்னது. அதே கடைசி நாளில், அதே மலையடிவார ஊரில், அணைக்கட்டு அலுவலகம் ஒன்றில் சந்தேகத்துக்கு வேலை நேர்முகம். பழைய அணையின் விரிசல்களைக் கண்காணிக்கிற வேலை. ஒரே பயணத்தில் இரண்டும் முடியும். இதைவிட வசதியாக யாரால் அமைத்துத் தர முடியும்?

ஆனால் அம்மாவைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி எச்சரித்தாள்.

“சித்தியை மலைக்குக் கூட்டிட்டுப் போறோம். அவ்ளோதான் அவளுக்குத் தெரியணும். இன்டர்வியூன்னு நீ மூச்சு விடக் கூடாது.”

“நான் எதுக்குடி சொல்லப் போறேன்?”

“நீ சொல்ல மாட்ட. உன் வாய் சொல்லிடும்.”

கடைசி நாள் காலை. ரயில் நிலையம். சித்தி புடவைக்குக் கீழே விளையாட்டு ஷூ மாட்டியிருந்தாள். கழுத்தில் பள்ளிப் பிள்ளைபோல ஒரு பை. அதற்குள் அவளுடைய பயணச்சீட்டு, மலை ரயில் சீட்டு இரண்டும். கூட்டத்தில் தொலைந்தால் என்ன செய்வது என்று சந்தேகம் தைத்துப் போட்ட பை அது. அம்மாவின் கையில் கட்டுச்சோற்று மூட்டை. வானம் அலசிக் காயப்போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது. சித்தியின் முகத்தில், பரீட்சை எழுதப் போகிற பிள்ளையின் களை.

ரயில் வந்து நின்றது. சந்தேகம் இடம் பிடிக்க முதலில் ஏறினாள். அம்மா படியில் காலை வைப்பதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. உதட்டோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. “இன்னிக்கு இன்டர்வியூ நல்லபடியா முடியணும், குழந்தைக்கு வேலை கிடைச்சுடணும்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்து, திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.

பின்னால் நின்ற சித்தி அதைக் கேட்டாள். அங்கே குளியலறை இல்லை. தூண் இருந்தது. இவர்கள் ஏறி உட்காரட்டும், பிறகு கடைசியாக ஏறிக்கொள்ளலாம் என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நம் வீட்டு வாசற்கதவு அதற்கெல்லாம் காத்திருக்கும். தானியங்கிக் கதவு சகுனம் பார்க்காது. மூன்று முறை கூவிவிட்டுச் சாத்திக்கொண்டது.

“ஐயோ! திறங்க! என் தங்கச்சி! என் தங்கச்சி!” அம்மா கண்ணாடியை அறைந்தாள். தூணின் ஓரத்தில் புடவைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. பிறகு தூணே பின்னால் போய்விட்டது. பெட்டியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் மரியாதையாக அதை மடித்துவைத்துவிட்டு இவர்களைப் பார்த்தார்.

“நீ சொன்னியா?” என்றாள் சந்தேகம்.

“சத்தியமா இல்லடி. வேண்டிக்கிட்டேன்.”

“வாய் விட்டா?”

“சாமிக்குக் கேக்க வேண்டாமா?”

“சாமிக்குக் கேட்டுச்சோ இல்லையோ, சித்திக்குக் கேட்டுடுச்சு.”

சித்தியின் போன் அறையின் வைஃபையை விட்டு வெளியே வந்தால் வெறும் கடிகாரம். மொழி தெரியாத ஊர், தனியாக நிற்கிறாள். மேலே போகும் ரயில் இன்றோடு சரி. இவர்கள் திரும்பிப் போய் அவளைத் தேடிப் பிடித்து மறுபடி வருவதற்குள் அது நின்றுவிட்டால், கரும்பலகையில் வரைந்த பனியாறுதான் அவளுக்குக் கடைசிவரை. அது கூடப் பரவாயில்லை. ‘என்னாலதான் எல்லாம் கெட்டுது’ என்று அவள் இன்னொரு குளியலறைக்குள் போய்விடுவாள். இந்த முறை வெளியே கூப்பிட முடியாது.

“அடுத்த ஸ்டேஷன்ல இறங்கறோம்” என்றாள்.

“உன் இன்டர்வியூ?”

“சித்தி முக்கியமா, இன்டர்வியூ முக்கியமா?”

அம்மா கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவருகே போய் முதல் ஆளாக நின்றாள்.

சந்தேகம் அணைக்கட்டு அலுவலகத்தைப் போனில் அழைத்தாள். கூட வந்தவர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார், வர நேரமாகும் என்றாள். எதிர்முனையில் இருந்த பெண், அலுவலகம் மூடுவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், பொறியாளர் இங்கேதான் இருப்பார் என்று சொல்லிவிட்டு, பத்திரமாக வாருங்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவ்வளவுதான். காரியம் கெடாமல் இருக்க ஒரு பெண்ணைக் குளியலறையில் பூட்ட வேண்டியதில்லை, ஒரு போன் போதும். எதிரே வந்ததால் அல்ல, ஒளிந்துகொண்டதால் வந்த தாமதம் என்பதையும் நம் ஆட்கள் ஒருநாள் யோசித்துப் பார்க்கலாம்.

அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பிப் போகிற ரயிலைப் பிடித்தார்கள். அது ஒற்றைத் தண்டவாளப் பாதை. வழியில் ஓரிடத்தில் மட்டும் தண்டவாளம் இரண்டாகப் பிரியும். கீழே போகிற ரயில் அங்கே ஒதுங்கி நின்று, மேலே போகிற ரயிலுக்கு வழிவிட வேண்டும். இவர்களின் ரயில் ஒதுங்கி நின்றது. பக்கத்தில் ஆறு இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர் ரயில் மெல்ல ஊர்ந்து வந்து, பக்கத்தில், கையை நீட்டினால் தொடலாம் என்கிற நெருக்கத்தில் நின்றது.

“அடியே, அங்க பாரு!” என்று அம்மா அலறினாள்.

நேர் எதிர் ஜன்னலில் சித்தி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு கண்ணாடிகள், நடுவில் ஒரு முழம் காற்று. சித்தி இவர்களைப் பார்த்தாள். பார்த்த மறுகணம், பழக்கம் அவள் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. தலைப்பை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு மறுபக்கம் குனிந்தாள். ஒளிந்துகொள்ள அவ்வளவுதான் இடம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் என்னவோ ஏதோ என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

சந்தேகம் கண்ணாடியைத் தட்டினாள். சின்ன வயதில் குளியலறைக் கதவைத் தட்டிய அதே தட்டு. “சித்தி, திரும்பு! திரும்பு சித்தி!” சத்தம் அந்தப் பக்கம் போயிருக்க வாய்ப்பில்லை. பெட்டியில் இருந்தவர்களெல்லாம் திரும்பிவிட்டார்கள், திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. அப்போது அம்மா கட்டுச்சோற்று மூட்டையை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் பதித்து, நெற்றியையும் பதித்து, அப்படியே நின்றாள். கூப்பிடவில்லை. வெறுமனே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சித்தி மெல்லத் தலைப்பை விலக்கினாள். திரும்பினாள். அக்காவின் மூக்கு கண்ணாடியில் அமுங்கிச் சப்பையாகியிருந்தது. அதைப் பார்த்ததும் சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கழுத்துப் பையிலிருந்து பயணச்சீட்டை எடுத்துக் காட்டி, விரலை மேலே நீட்டி, ‘நான் போறேன், நீங்க வாங்க’ என்று சைகை செய்தாள். அம்மா கையால் வாய்க்குச் சோறு கொண்டுபோவது போலக் காட்டி, ‘சாப்பாடு இங்க இருக்குடி!’ என்றாள். சித்தி ‘அப்புறம்’ என்று கையை அசைத்தாள். அவளுடைய ரயில்தான் முதலில் கிளம்பியது.

அம்மா மெல்ல உட்கார்ந்தாள்.

“நம்ம வீட்டுல எத்தனை பேரு எத்தனை காரியத்துக்குக் கிளம்பியிருக்கோம். உங்கப்பா கிளம்பின அந்த ஒரு நாளுக்கப்புறம் ஒரு தடவையாவது அவ எதிர்ல வந்து நான் பாக்கலையேடி.”

“இன்னிக்குப் பாத்துட்டியே. என்ன ஆச்சு?”

“என்ன ஆச்சு?” அம்மா மூட்டையைப் பார்த்தாள். “பசியோட போறா. அதான் ஆச்சு.”

கிளம்பிய நிலையத்துக்கே போய், அடுத்த ரயிலைப் பிடித்து, அடிவாரத்தில் மலை ரயிலுக்கு மாறினார்கள். மேலே ஏறும் கடைசி வண்டிக்கு முந்திய வண்டி. உச்சி நிலையத்தில் சித்தி நுழைவாயில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். இவர்களைக் கண்டதும் ஓடி வரவில்லை. வீட்டுக்காரி விருந்தாளியை வரவேற்பது போல நிதானமாக நடந்து வந்தாள்.

“என்ன இவ்ளோ லேட்டு?”

“கொழுப்புடி உனக்கு!” என்று அம்மா அவள் தோளில் ஓர் அடி வைத்தாள். அந்தக் கையை எடுக்கவே இல்லை. “எப்படி வந்த? யார்கிட்ட கேட்ட?”

“ரயில் போனதும் அழுகை வந்துச்சு அக்கா. தூணைப் பிடிச்சுக்கிட்டு நல்லா அழுதேன். அப்புறம் பாத்தா எதிர்ச் சுவத்துல இவ்ளோ பெரிய மேப்பு. மேப்பைப் பாருங்க, மேப்பைப் பாருங்கன்னு பிள்ளைங்களைப் போட்டு அடிச்சுட்டு, நான் தூணைப் பாத்துக்கிட்டு நிக்கறேனேன்னு வெக்கமாப் போச்சு. ஆறு எந்தப் பக்கமா வருதுன்னு பாத்தேன். யூனிஃபார்ம் போட்ட ஒரு பொண்ணுகிட்ட டிக்கெட்டைக் காட்டினேன். அவ ரயிலைக் காட்டினா. ஏறிட்டேன்.”

“பயமா இல்லையா?”

“கதவு மேலதான் பயம். திறந்த உடனே முதல் ஆளா ஏறிட்டேன்.”

மூவரும் பனியாற்றின் விளிம்புக்கு நடந்தார்கள். பாடப்புத்தகத்தில் பளீரென்று வெண்மையாக இருக்கும் பனியாறு இங்கே சாம்பல் நிறத்தில், கல்லும் சேறும் அப்பிக்கொண்டு, அழுக்கு யானை படுத்திருப்பது போலக் கிடந்தது. அடிவயிற்றில் ஒரு குகை. அதிலிருந்து பால் கலங்கியதைப் போல ஓர் ஓடை. வழியில் நட்டிருந்த பலகைகள், பனி முன்பெல்லாம் எதுவரை இருந்தது என்று காட்டின. இத்தனை பாடுபட்டு வந்து சித்தி ஏமாந்துவிட்டாளோ என்று சந்தேகம் அவள் முகத்தைப் பார்த்தாள்.

சித்தி குனிந்து, விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த பனியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். விரல்கள் சிவக்கும்வரை எடுக்கவில்லை.

“தப்பா வரைஞ்சிருக்கேன்டி” என்றாள்.

“எதை சித்தி?”

“வெள்ளைச் சாக்பீஸால வரைஞ்சேன். பாரு, எவ்ளோ மண்ணு! மலையையே தேய்ச்சு எடுத்துக்கிட்டு வருது. இந்த மண்ணுதான் கீழ போயி வயலாகுது. இனிமே பனியாறு வரைஞ்சா டஸ்டரைத் தட்டி மேல பொடியைத் தூவிடணும்.” அவள் கண்கள் மின்னின. ஏமாற்றமா? அவளுக்குப் புதிதாக ஒரு பாடம் கிடைத்திருந்தது.

அம்மா பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, “தீர்த்தம் மாதிரி இருக்கு, எல்லாருக்கும் கொடுக்கலாம்” என்றாள்.

“அது மலை கழுவின தண்ணி அக்கா. வயித்தால போகும்.”

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். சோறு கல்லாக இறுகியிருந்தது. “உன் கான்கிரீட்டு மாதிரி ஊறப் போட்டிருக்கணும்” என்றாள் சித்தி. அவள்தான் அதிகம் சாப்பிட்டாள்.

இறங்கி வந்ததும் சந்தேகம் போனில் வழி தேடிக்கொண்டிருந்தாள். அதற்குள் சித்தி முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

“வா, இந்தப் பக்கம். மலை வண்டிக்கு நின்னப்ப பாத்து வெச்சேன். அணை படம் போட்ட போர்டு. விரிசல் பாக்க இங்க வேற யாரு ஆள் தேடப் போறாங்க?”

அம்மாவின் கால் ஒரு நொடி தயங்கியது. சந்தேகம் அதைக் கவனித்தாள். பிறகு அம்மா எதுவும் நடக்காதது போலத் தங்கையின் பின்னால் நடந்தாள். வாயிலை அடைந்ததும் சித்தி நின்று, திரும்பி, இருவரையும் நேருக்கு நேர் பார்த்தபடி, “இதான் கேட்டு. போ, போயிட்டு வா” என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். சந்தேகம்தான், உள்ளே போய்ப் பொறியாளருக்கு எதிரில் உட்கார்ந்த பிறகும், மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் விரிசல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். நன்றாகப் பேசினாள்.

வேலை கிடைக்கவில்லை.

அவர்கள் ஊருக்குப் புறப்படுகிற அன்று காலையில்தான் பதில் வந்தது. பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் அம்மா. சந்தேகம் போனைப் பார்த்துவிட்டு உள்ளது உள்ளபடி சொன்னாள். அணைக்கட்டில் ஏற்கனவே வேலை செய்தவர் ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். படிப்பை முடித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவின் கண்கள், அவளைக் கேட்காமலே, சித்தியின் பக்கம் போயின.

கீழே டிராம் திரும்பியது. தட்டுகள் முனகின. சந்தேகம் வாயைத் திறக்கப் போனாள். ‘ஏன்’ என்று தொடங்கும் வாக்கியம் ஒன்று தயாராக இருந்தது.

“என்னக்கா பாக்கற?” என்றாள் சித்தி. குரலில் கோபம் இல்லை. வகுப்பில் கடைசிப் பெஞ்சைப் பார்த்துக் கேட்கிற குரல். “அவங்க கேட்டது அணைக்கட்டுல வேலை பாத்த அனுபவம். அது என் மூஞ்சிலயா இருக்கு?”

அம்மா திடுக்கிட்டாள். பிறகு முகம் சிவந்தது. “நான் ஒண்ணும் சொல்லலையே” என்று முனகினாள்.

“நீ என்னிக்கு அக்கா சொல்லியிருக்க?”

அம்மா பூட்டிலிருந்து கையை எடுத்தாள். “சொல்லியிருக்கணும்” என்றாள். “வெளிய வாடின்னு சொல்லியிருக்கணும்.” சித்தி பெட்டியின் மறுமுனையைப் பிடித்து, “அமுக்கு, பூட்டு விழல” என்றாள். இருவரும் சேர்ந்து அமுக்கினார்கள். பூட்டு விழுந்தது.

டாக்சி வரும் நேரம் ஆயிற்று. அம்மா கைப்பையைத் தேடினாள், கண்ணாடியைத் தேடினாள், விடைபெற்றுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலுக்கு வந்தபோது தங்கையைக் காணவில்லை. பழக்கம் போகுமா? அம்மா நேரே குளியலறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

“ஏய், வெளிய வாடி! கிளம்பியாச்சு!”

கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே யாரும் இல்லை.

தெருவிலிருந்து ஒரு குரல் ஏறி வந்தது. சந்தேகம் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே டாக்சிக்குப் பக்கத்தில், ஒரு கை இடுப்பிலும் ஒரு கை கார்க் கதவிலுமாகச் சித்தி நின்றிருந்தாள். டிராம் ஓட்டுநர் ஒருவர் அவளுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அவளும் கையசைத்தாள். இரண்டு விரல் அல்ல, முழுக் கை. பிறகு அண்ணாந்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்:

“இன்னும் என்னக்கா பண்ற? சீக்கிரம் எறங்கி வா, கதவை மூடிடப் போறாங்க!”